பென்ஸ் டபிள்யூ 123: 15 அங்குல ரிம், ஸ்பேசர் போட்ட பிறகு 80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது

செம்பவாங்_230
வணக்கம். வண்டி 1983 பென்ஸ் 230இ (டபிள்யூ 123 மாடல்), சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 45 நாள்தான் வெளியே எடுக்க முடியும், அதிலும் இப்படி ஆட்டம் என்றால் எரிச்சல் வராதா?

பழைய ரிம் 14 அங்குல இரும்பு, அகலம் 5.5, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.) இ.டி. 30. இப்போது போட்டிருப்பது டபிள்யூ 124 மாடலுக்கென்று வெளிக் கம்பெனி செய்த 15 அங்குல அலாய், அகலம் 6.5, இ.டி. 48, டயர் 205/60. ஸ்பேசர் (ரிம்முக்கும், அதை மாட்டும் ஹப் என்ற அச்சுத் தலைக்கும் நடுவே வைக்கும் தட்டு) இல்லாமல் மாட்டினால் முன்பக்கம் உள்ளே உரசுகிறது. அதனால் வொர்க்‌ஷாப்பில் நாலு சக்கரத்துக்கும் 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து நீள போல்ட் போட்டுக் கொடுத்தார்கள். 70 வரை ஒன்றும் தெரியாது, 80 தாண்டினால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. இ.சி.பி. விரைவுச்சாலையில் 90-இல் போகும்போது கண்ணாடியே அதிர்கிறது. பேலன்சிங் மறுபடி பார்த்தாயிற்று, அதே கதை. பழைய இரும்பு ரிம்மை மாட்டினால் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஸ்பேசரே கூடாதா, இல்லை எனக்கு வந்த ஸ்பேசர்தான் சரியில்லையா?

உட்லண்ட்ஸ்காரன்
ஸ்பேசரைக் கழற்றித் தூக்கிப் போடுங்கள் பிரதர். பேரிங் சீக்கிரம் போகும், போல்ட் முறியும். பழைய வண்டியில் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம் லா.

டீசல்தாத்தா
தம்பி உட்லண்ட்ஸ், பேரிங் விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். இ.டி. 48-இல் 15 கழித்தால் 33. கம்பெனி கொடுத்தது 30. அதாவது சக்கரத்தின் நடுக்கோடு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டது, பேரிங்குக்குப் புதிதாக எந்தச் சுமையும் இல்லை. சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மில் அழகுக்காக ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுகிறார்களே, அவர்களுக்குத்தான் நீங்கள் சொல்வது பொருந்தும்.

உள்ளே உரசுவதற்கும் காரணம் இதே கணக்குதான். பழைய ரிம் ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் சுமார் 100 மி.மீ. போகும். புதியது ஸ்பேசர் இல்லாமல் 130-ஐத் தாண்டும். 15 வைத்தால் 115. வெளிப்பக்கம் பழையதை விட 10 மி.மீ. மட்டும் கூடுதல். டயர் உயரமும் பிரச்சினை இல்லை, 195/70 ஆர் 14-க்கும் 205/60 ஆர் 15-க்கும் விட்டத்தில் 2 மி.மீ. கூட வித்தியாசம் கிடையாது.

ஆக அளவு சரி. உட்கார்ந்திருக்கும் விதம்தான் சந்தேகம். செம்பவாங், ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஸ்பேசரின் வெளிமுகத்தில் நடு ஓட்டையைச் சுற்றி வளையம் மாதிரி உதடு எழும்பி நிற்கிறதா? போல்ட் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கிறதா, கூம்பாக இருக்கிறதா? படம் போட்டால் இன்னும் நல்லது.

செம்பவாங்_230
கழற்றிப் பார்த்தேன் அண்ணே. ஸ்பேசர் இரண்டு பக்கமும் தட்டை, உதடு எதுவும் இல்லை. போல்ட் கூம்பு. ரிம்மில் போல்ட் உட்காரும் குழி கிண்ணம் மாதிரி உருண்டையாக இருக்கிறது, அதில் விளிம்பில் மட்டும் மெல்லிய பளபளப்பான கோடு விழுந்திருக்கிறது.

டீசல்தாத்தா
அந்தப் பளபளப்புக் கோடே பதில் சொல்லிவிட்டது. முதலில் ஒன்று, சரியான போல்ட் வரும் வரை இந்த ரிம்மில் ஓட்டாதீர்கள். பழைய இரும்பையே போட்டுக்கொள்ளுங்கள்.

பென்ஸில் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது ஹப்பின் 66.6 மி.மீ. உதடு. போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். தட்டை ஸ்பேசர் வைத்தால் ஹப் உதடு ஸ்பேசருக்குள்ளேயே புதைந்து போகிறது, ரிம்முக்கு உட்கார எதுவும் இல்லாமல் ஐந்து போல்ட்டில் தொங்குகிறது. அந்த போல்ட்டும் கூம்பு என்றால் உருண்டைக் குழியில் முகம் முழுக்கப் படியாது, ஓரத்தில் ஒரு கோட்டில்தான் கடிக்கும். சக்கரம் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலும் 80-இல் தெரிந்துவிடும். மெஷினில் பேலன்ஸ் சரியாகத்தான் காட்டும், அங்கே ரிம்மை நடு ஓட்டையில் பிடிக்கிறார்கள் இல்லையா. ஆட்டத்தை விடப் பெரிய ஆபத்து, இப்படிக் கடித்த போல்ட் ஓட ஓடத் தளரும்.

உங்களுக்கு வேண்டியது: இரண்டு பக்கமும் 66.6 உள்ள, உதடு வைத்த 15 மி.மீ. ஸ்பேசர். போல்ட் எம்12, பிட்ச் (மரை இடைவெளி) 1.5, உருண்டை ஆர்12 (ஆரம் 12 மி.மீ.). கடையில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று ஃபோக்ஸ்வாகன் உருண்டையை நீட்டுவார்கள், அது ஆர்13, வேண்டாம்.

நட்டுபோல்ட்டு
தாத்தா சொன்னதோடு, நீளத்தையும் பாருங்கள். போல்ட் ஹப்புக்குள் குறைந்தது 8 சுற்று ஏற வேண்டும், 1.5 பிட்சில் அது 12 மி.மீ. ரொம்ப நீளமும் கூடாது. பின் டிஸ்க்குக்குள் ஹேண்ட்பிரேக் ஷூ இருக்கிறது, போல்ட் நுனி அங்கே இடித்தால் ஸ்பிரிங்கையும் ஷூவையும் கிழித்துவிடும். மாட்டிய பின் கையால் சுற்றி சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஹப் முகத்தில் துருவை வயர் பிரஷ்ஷால் சுத்தமாக எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, நிறுத்தியே வைக்கிற வண்டியில் துரு பொருக்குப் பொருக்காக நிற்கும், அதன் மேல் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பேசர் வைத்தாலும் கோணலாகத்தான் உட்காரும். இறுக்கம் 110 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில், நட்சத்திர வரிசையில், சக்கரம் தூக்கியிருக்கும்போதே பாதி இறுக்கிவிட்டு. ஏர் கன் வேண்டவே வேண்டாம்.

உட்லண்ட்ஸ்காரன்
சரி, பேரிங் விஷயத்தில் தாத்தா கணக்கு சரிதான். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன்? டயர் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டினால் விட மாட்டார்கள்.

டீசல்தாத்தா
நல்ல கேள்வி. நூலில் ஒரு நட்டைக் கட்டி ஃபெண்டர் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள், டயர் நூலைத் தொடக் கூடாது. ஸ்பேசரோடு வண்டியைக் கொண்டுபோகும் முன் இன்ஸ்பெக்‌ஷன் சென்டரிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள், விபத்துக்குப் பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் டபிள்யூ 123-க்கே வந்த 14 அங்குல அலாய், 6 அகலம், இ.டி. 30, தேடுங்கள். ஸ்பேசரே தேவைப்படாது. என் கண்ணுக்கு அந்த வண்டியில் அதுதான் அழகும்.

செம்பவாங்_230
நன்றி அண்ணே. சென்டரில் கேட்டேன், இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிட்டேன். உதடு வைத்த ஸ்பேசரும் ஆர்12 போல்ட்டும் வந்து மாட்டியாயிற்று. 90-இல் ஸ்டீயரிங் அசையவே இல்லை, ஹேண்ட்பிரேக் பக்கமும் சத்தம் கிடையாது. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து மேட்டில் ஏற்றிப் பார்த்தேன், உரசலும் இல்லை. வொர்க்‌ஷாப்பில் பழைய ஸ்பேசருக்குப் பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள், அது தனிக் கதை.

நட்டுபோல்ட்டு
நல்லது. 50, 100 கிலோமீட்டர் ஓடிய பின் இறுக்கத்தை ஒரு தடவை சரிபாருங்கள். அப்புறம் பழைய குட்டை போல்ட்டில் ஐந்தை டிக்கியில் ஸ்பேர் சக்கரத்தோடு வையுங்கள். ஸ்பேர் இன்னும் இரும்பு ரிம்தானே? பஞ்சர் ஆனால் அதை ஸ்பேசர் இல்லாமல் குட்டை போல்ட்டில்தான் மாட்ட வேண்டும், பின் சக்கரத்தில் நீள போல்ட்டை இறுக்கினால் நான் சொன்ன ஹேண்ட்பிரேக் ஷூவுக்குள்ளேதான் போய் நிற்கும்.