பழைய கொரோலாவின் பின்சில்லு பெயரிங்: வீட்டில மாத்தலாமோ?

ரொறன்ரோவுக்குப் புதுசா வந்து, கையில இருந்த காசுக்கு 2003–2008 காலத்துக் கொரோலா வாங்கின கனபேர் கேக்கிற கேள்வி இது. பின்னால பிளேன் ஏறுற மாதிரி இரையுது, கராஜில பெயரிங் எண்டு சொல்லுகினம், நானே மாத்தலாமோ?

மாத்தலாம். இந்தக் காரில பெயரிங், சில்லைப் பூட்டுற நடுத்துண்டான ஹப்போட சேர்ந்த ஒரே துண்டு. பிரெஸ்ஸில வைச்சு அமத்துற வேலை இல்லை, நாலு போல்ற்தான். வில்லங்கம் உப்பாலதான் வரும். குளிர்காலம் முழுக்க றோட்டில கொட்டுற உப்பு, ஹப்பையும் அச்சையும் ஒண்டாக் கறள் பிடிக்க வைச்சிருக்கும். அதால திங்கட்கிழமை வேலைக்குக் கார் வேணுமெண்டால் ஞாயிறு பின்னேரம் கழட்டாதேங்கோ.

முதல்ல பெயரிங்தானோ எண்டு உறுதிப்படுத்துங்கோ. மேடு பள்ளமாத் தேஞ்ச ரயரும் இதே மாதிரித்தான் இரையும். முன் ரயரைப் பின்னுக்கு மாத்திப் போட்டு ஓடிப்பாருங்கோ. சத்தமும் இடம் மாறினால் ரயர்தான். மாறாட்டி, பின்பக்கத்தை ஜக்கில தூக்கி, ஹாண்ட்பிறேக்கை விட்டிட்டு, ஒரு கையால சில்லைச் சுத்துங்கோ, மற்றக் கையை சுருள் ஸ்பிறிங்கில வையுங்கோ. பழுதான பக்கத்தில ஸ்பிறிங் விரலுக்குள்ள கரகரக்கும். காதை விட இந்தக் கைச்சோதனையைத்தான் நான் நம்புவன்.

சாமான் வாங்கேக்க ஏபிஎஸ் (பிறேக் அடிக்கேக்க சில்லு இறுகிச் சறுக்காமல் காக்கிறது) இருக்கிற காருக்கு ஒரு ஹப், இல்லாததுக்கு வேற ஹப். காரின்ர அடையாள எண்ணான வின் நம்பரைக் குடுத்தே வாங்குங்கோ.

முன்சில்லுக்குக் கட்டை வையுங்கோ. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழ கை வைக்க வேண்டாம், காரைத் தாங்கிற ஸ்ராண்ட் கட்டாயம். பிறேக் டிரம் இறுகி நிண்டால் சுத்தியலோட பாயாதேங்கோ. டிரம்மில ரெண்டு மரை ஓட்டை இருக்கு, 8 மில்லிமீற்றர் போல்ற் ரெண்டை மாறி மாறி முறுக்க அதுவே வெளிய தள்ளும். பிறேக் தூசியை ஊதவும் வேண்டாம், பழசுகளில அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். பிறேக் கிளீனர் அடிச்சு நனைச்சுத் துடையுங்கோ.

ஹப் போல்ற்றுகள் அச்சின்ர பின்பக்கம், 14 மில்லிமீற்றர் சொக்கற். முதல்நாள் இரவே கறள் இளக்கிற எண்ணெய் அடிச்சு வையுங்கோ. போல்ற் கழண்டும் ஹப் அசையாட்டி, கம்பியில ஓடுற பாரத்தால இழுத்தடிச்சுக் கழட்டுற சிலைட் ஹாமர் வேணும். சில பார்ட்ஸ் கடைகளில டெபொசிற் கட்டி இரவல் எடுக்கலாம். பிறேக் பைப் பக்கத்தில நெருப்புக் காட்டாதேங்கோ. ஹப் வந்ததும் பிறேக்கைத் தாங்குற பின்தகடு பிடிப்பில்லாமல் நிக்கும், பைப்பில தொங்க விடாமல் கம்பியால கட்டுங்கோ.

புதுசு போட முன்னம் கம்பி பிரஷ்ஷால அச்சில ஹப் இருந்த வட்டத்தை உலோகம் தெரிய உரஞ்சி, கறள் பிடிச்சு ஒட்டாமல் காக்கிற அன்ரிசீஸ் பசையை மெல்லிசாப் பூசுங்கோ. பெயரிங்குக்குக் கிறீஸ் வேண்டாம், உள்ளயே அடைச்சு வருது. சில்லு நட்டை டோர்க் றெஞ்சால 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கோ, 100 கிலோமீற்றர் ஓடினாப்பிறகு அந்த இறுக்கத்தைத் திரும்ப ஒருக்காப் பாருங்கோ.

அபார்ட்மென்ட்காரர் முதல்ல லீசை வாசியுங்கோ. பார்க்கிங்கில கார் திருத்தக்கூடாதெண்டு கன இடத்தில எழுதியிருக்கும்.

— அண்ணை, மற்றப் பக்கமும் சேர்த்து மாத்தவோ?

— சத்தமோ ஆட்டமோ இல்லாட்டி விடுங்கோ தம்பி. காரை விக்கிற எண்ணமெண்டால் மட்டும் ரெண்டையும் ஆட்டிப் பாருங்கோ. கைமாறேக்க ஒன்ராறியோவில சேஃப்டி சேர்ட்டிபிக்கேற் கேப்பினம், ஆடுற பெயரிங் அதில பாஸாகாது.

— சிலைட் ஹாமருக்கும் அசையாட்டி?

— போல்ற்றைக் கொஞ்சம் திருப்பி உள்ள விட்டு, பின்னால இருந்து தலையில மாறி மாறித் தட்டுங்கோ. போல்ற் பழுதாப் போகும், புதுசு நாலு முதலே வாங்கி வையுங்கோ. அதுக்கும் வராட்டி புதுப் போல்ற் நாலையும் போட்டு இறுக்கி, பிறேக்கைத் திரும்பப் பூட்டி, மெதுவாக் கராஜுக்குக் கொண்டுபோங்கோ. ஆட்டம் பெரிசெண்டால் ஓடவேண்டாம், ரோ ட்றக்கைக் கூப்பிடுங்கோ.