அண்ணன் குடியை விடத் தயார்: கோலாலம்பூரில் ஏஏ கூட்டத்துக்கு எப்படிப் போவது?

செந்தூல்_தங்கை:
வணக்கம். அண்ணனுக்கு 43 வயது. தினமும் சம்சு (மலிவுச் சாராயம்). காலையில் எழுந்ததும் கை நடுங்கும், கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கும். இப்போது அவரே ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) கூட்டத்துக்குப் போகிறேன் என்கிறார். ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஐசி (அடையாள அட்டை) கேட்பார்களா? காசு எவ்வளவு? சர்ச்சில் நடக்கிறதாமே, மதம் மாற்றிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். அண்ணியும் நானும் கூடப் போகலாமா? சனிக்கிழமையோடு ஒரேயடியாக நிறுத்திவிடப் போகிறாராம்.

மருந்தக_ஊழியர்:
கூட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அந்தச் சனிக்கிழமைதான் எனக்குக் கவலை. காலையில் கை நடுங்கி, குடித்தால் அடங்குகிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் முதல் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது. இது உயிரையே எடுக்கும்.

அதனால் முதலில் பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்). குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக் கொண்டுபோங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை போத்தல், எத்தனை வருஷம், கடைசியாகக் குடித்த நேரம், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தப்பாகும். நடுக்கத்துக்கான மாத்திரையை டாக்டர் நாளுக்கு நாள் குறைத்துக் கொடுப்பார், கூடவே வைட்டமின் பி1. அந்த மாத்திரையோடு குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம், அதை அண்ணியிடமும் சொல்லிவையுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டிக் குடிக்கவும் வேண்டாம். வலிப்போ உளறலோ வந்தால் கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் 999.

பிரிக்பீல்ட்ஸ்_மாலை:
ஏஏவில் சேர ஒரே தகுதி, குடியை விடவேண்டும் என்ற ஆசை. ஐசி இல்லை, பதிவு இல்லை, கட்டணம் இல்லை. நடுவில் ஒரு டின்னோ பையோ சுற்றி வரும், வாடகைக்கும் தேத்தண்ணிக்கும். புதியவர் அதில் போடவேண்டியதில்லை. சர்ச் மண்டபம் வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஏஏ பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ஆனால் 'நாம் அறிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்களும் அவற்றில் உண்டு. அம்மாவிடம் முருகன் என்றே சொல்லுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஏஏ மலேசியா இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். இடம் மாறியிருக்கும், பொது விடுமுறையில் கதவு பூட்டியிருக்கும். முதல் தடவை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது கஷ்டம். அன்று காலை அதிலுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்: இன்று நடக்கிறதா, எந்த மொழி, திறந்த கூட்டமா மூடியதா, எந்த வாசல், எத்தனையாவது மாடி. தமிழ் பேசும் ஒருவர் வாசலில் நிற்க முடியுமா என்றும் கேட்கலாம், கூச்சம் வேண்டாம்.

திறந்த கூட்டம் என்றால் நீங்களும் அண்ணியும் கூடப் போகலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். முறை வரும்போது முதல் பெயரைச் சொன்னால் போதும், 'இன்று கேட்கிறேன்' என்று விட்டுவிடலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே புத்தி சொல்வது வழக்கமில்லை. 15 நிமிஷம் முன்னாடி போகச் சொல்லுங்கள், முடிந்ததும் உடனே ஓடவேண்டாம். நாற்காலி அடுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போன் எண்கள் கை மாறும். ராத்திரி பதினொரு மணிக்குக் குடிக்கத் தோன்றும்போது அந்த எண்கள்தான் உதவும். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏஏவே வேண்டாம் என்று முடிவுகட்டாமல் வேறு குழுவுக்குப் போகட்டும், குறைந்தது ஆறு தடவையாவது. சம்பள நாள் மாலைக்கு ஒரு கூட்டத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

ஜோர்ஜ்டவுன்_அக்கா:
தமிழ்நாட்டுக் குழுக்கள் சூமில் தமிழ்க் கூட்டம் நடத்துகின்றன. அங்கே இரவு 8 என்றால் நமக்கு 10.30. சேருமுன் திரையில் தெரியும் பெயரை முதல் பெயராக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போனில் உள்ள முழுப்பெயர் தெரியும். கேமரா போடாமலும் இருக்கலாம்.

தங்கச்சி, இன்னொன்று. குடியை நிறுத்தும் பொடி என்று யாராவது கொடுத்தால் காப்பியிலோ குழம்பிலோ தெரியாமல் கலக்காதீர்கள். இப்படிக் கலப்பதில் டைசல்ஃபிராம் என்ற மருந்தும் ஒன்று. அது உள்ளே போனது தெரியாமல் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். அந்த மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரைகூட அதன் வேலை இருக்கும். டாக்டர் எழுதி, அண்ணன் தெரிந்து விழுங்கினால் மட்டும்தான் அது மருந்து. அண்ணிக்கு அல்-அனான் இருக்கிறது, குடிப்பவரின் குடும்பத்துக்கென்று 1951-இல் தொடங்கியது. அண்ணன் போகாத வாரமும் அண்ணி போகலாம்.

செந்தூல்_தங்கை:
ரொம்ப நன்றி. குடித்த நாளில் கூட்டத்துக்குப் போனால் விரட்டிவிடுவார்களா?

பிரிக்பீல்ட்ஸ்_மாலை:
பெரும்பாலும் இல்லை. பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள், கலாட்டா செய்தால்தான் வெளியே. அன்று மோட்டார் எடுக்க விடாதீர்கள், எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நீங்களே கூட்டிப்போங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முதல் சில நாள் வேலைக்குப் போகும் நிலையில் இருக்கமாட்டார்.