இனிப்பைப் பெட்டியோடு எடை போடுவதா, பெட்டியைக் கழித்தா?

புதுக்கடைக்காரன்:
தென்காசிப் பக்கம் மாமனாரின் இனிப்புக் கடையை இந்த ஆண்டு முதல் நான் பார்த்துக்கொள்கிறேன். மைசூர்பாகு கிலோ 560 ரூபாய். வெறும் ஒரு கிலோ அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்தேன், 75 கிராம். இனிப்பு விலையில் 42 ரூபாய்! பெட்டியை நாங்கள் வாங்குவதோ 9 ரூபாய்க்கு. “ஊரே பெட்டியோடுதான் போடுகிறது, நீங்கள் மட்டும் அரிச்சந்திரனா மாப்பிள்ளை?” என்கிறார் மாமனார். தீபாவளிக்கு ஓர் அலுவலகம் 200 பெட்டி கேட்டிருக்கிறது. எனக்குக் கை வரவில்லை. அவர் மனம் கோணாமல் இதை எப்படி மாற்றுவது?

நெய்க்கடை:
கணக்கைக் காட்டுங்கள். 560 ரூபாய் வாங்கிக்கொண்டு 925 கிராம் கொடுப்பவர் கிலோ 605க்கு விற்கிறார். பலகையில் அப்படி எழுதத்தான் கூச்சம். தராசில் ‘டேர்’ பொத்தான் எதற்கு இருக்கிறது? வெறும் பெட்டியை வைத்து, அழுத்தி, பூஜ்யம் வந்த பிறகு இனிப்பை அடுக்குங்கள். வாங்குபவர் கண்ணெதிரே செய்யுங்கள்.

கல்லாப்பெட்டி:
பேசலாம் ஐயா. 605 என்று எழுதிய அன்றே கூட்டம் எதிர்க்கடைக்குப் போகும். ஜனங்கள் பலகையைத்தான் பார்க்கிறார்கள், பெட்டியை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்? வாடகையை அரிச்சந்திரன் வந்து கட்டமாட்டான்.

பழைய முத்திரை:
நாங்கள் நிறுத்துப் பார்த்திருக்கிறோம். தொழிலாளர் துறையில் எடையளவுப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பது நிகர எடை; பெட்டி அதில் சேராது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறார்களே, அதைக் காட்டித் தப்ப முடியாது. ஆய்வுக்குப் போகும் இடத்தில் தராசு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சாதாரண ஆள்போல ஒரு கிலோ வாங்கி, பெட்டியைத் தனியே வைத்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். மாமனாரிடம் தர்மம் பேசாதீர்கள், அபராதத்தைச் சொல்லுங்கள்.

புதுக்கடைக்காரன்:
அபராதத்துக்கு அவர் அசையவில்லை. 605 கணக்குக்குத்தான் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “580 என்று எழுதுங்கள், பெட்டியைக் கழித்துப் போடுங்கள், தீபாவளி கழித்துப் பார்க்கலாம்” என்றார். லாபம் குறையும், தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். அலுவலக ஆர்டருக்கு 560 என்றே பேசியாயிற்று, அதைக் கூட்ட முடியாது. 200 பெட்டிக்கு 15 கிலோ கூடுதலாகப் போட வேண்டும். கடலை மாவுக்கும் நெய்க்கும் இன்றே சொல்லிவிட்டேன்.