சாமி மலையேறிய பிறகு

இஸ்தோப்பு:

அதிசயத்தை அன்றாடம் போலச் சொல்லும் மாய யதார்த்தக் கதை ஒன்றைப் படிக்கும்போது, அதில் வரும் அற்பப் புத்திக்காரன் நாம்தான் என்று உங்களுக்கு எப்போதாவது உறைத்திருக்கிறதா? எனக்கு உறைத்தது. நான் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் சொல்லுங்கள்.

கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் 1968இல் எழுதிய சிறகு முளைத்த கிழவன் கதைதான். மூன்று நாள் மழைக்குப் பிறகு பெலாயோவின் முற்றத்துச் சேற்றில் ஒரு கிழவன் கிடக்கிறான். முதுகில் சிறகு. ஊரில் ஒருவரும் மயங்கி விழவில்லை. கோழிக்கூட்டில் அடைக்கிறார்கள். பாதிரியார் லத்தீனில் வணக்கம் சொல்லிப் பார்க்கிறார்; அவனுக்குப் புரியவில்லை, உடனே சந்தேகம் வந்துவிடுகிறது. பெலாயோவின் மனைவி எலிசெந்தா வேலி அடைத்து, பார்க்க வருபவர்களிடம் ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்குகிறாள். கதையில் அதுவரை அதிசயம் அந்தச் சிறகு மட்டும்தான். மற்றதெல்லாம் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நடப்பது.

என் அத்தைக்கு ரோதைமுனி வரும். தெரியாதவர்களுக்கு: தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் ரோதைக்கு, அதாவது சக்கரத்துக்கு, காவலாக நிற்கும் சாமி. வெள்ளிக்கிழமை அத்தை கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஆடத் தொடங்கிவிடுவார். மேல் லயம், கீழ் லயம், பக்கத்துத் தோட்டம் என்று குறி கேட்க ஆள் வரும். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், காணிக்கைத் தட்டோடு உட்கார்ந்திருப்பது நான். பன்னிரண்டு வயது.

ஒருநாள் சாமி மலையேறியதும் அத்தை சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். கணுக்காலில் ஓர் அட்டை நாவற்பழம் மாதிரி ஊதிக் கிடந்தது. ரத்தம் பாதத்தில் வழிந்து சிமெந்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, கொஞ்சம் சாயத்தண்ணி ஊத்தித் தா" என்றார். "இருங்கத்த" என்று சொல்லிவிட்டு நான் தட்டிலிருந்த காசுக் குற்றிகளை அடுக்கினேன். பத்துப் பத்தாக. இரண்டு ரூபாய்க் குற்றி மூன்று என் கால்சட்டைப் பைக்குள் போனது. அதற்குப் பிறகுதான் தேநீர் ஊற்ற அடுப்படிக்கே போனேன்.

ஆறு மாதத்தில் கீழ் டிவிசனில் ஒரு பெண்பிள்ளைக்கு அம்மன் வந்தது. அவள் எரிகிற கற்பூரத்தைக் கையில் ஏந்துவாள், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுவாள். கூட்டம் அங்கே போய்விட்டது. கதையிலும் அப்படித்தான். பெற்றோர் சொல் கேளாமல் சிலந்தியாகிப்போன பெண்ணை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள், கட்டணமும் குறைவு, கிழவனை யாரும் சீந்தவில்லை. "அந்தப் பிள்ளை நடிக்கிறா" என்று முதலில் சொன்ன வீடு எது தெரியுமா? எங்கள் வீடுதான்.

சேர்ந்த காசில் அப்பா கூரைத் தகரம் மாற்றினார். முன்கதவுக்குப் புதுக் கொண்டியும் போட்டார். நேரங்கெட்ட நேரத்தில் திருநீறு கேட்டுத் தட்டுகிறார்களாம். எலிசெந்தா வீட்டில் அந்தக் காசில் மாடி கட்டி, நண்டு வராமல் வலையும், தேவதூதர்கள் வராமல் ஜன்னலுக்கு இரும்புக் கம்பியும் போடுவார்கள். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். என்னால் முடியவில்லை.

அத்தை இப்போது பண்டாரவளையில் மகளோடு இருக்கிறார். வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். அந்த மூன்று குற்றியைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

கொழுந்துக்கூடை:

முதலில் ஒரு சண்டை. உங்கள் அத்தைக்கு வந்தது சாமி. அதைக் கொண்டுபோய் மாயம் என்கிற பெட்டிக்குள் போடாதீர்கள். சரி, என்னுடையதைச் சொல்கிறேன்.

மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் கோவில் வெளியே தெரியும். கதையில் வந்தால் நம்பமாட்டோம், ஆனால் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். அம்மாச்சிக்குக் கல்யாணம் நடந்தது அங்கேதான். ஒரு வரட்சிக்கு அவரைக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெடித்த சேற்றில் மெதுவாக நடந்து போய்ச் சுவர்ப் பக்கம் நின்றார். உதடு அசைந்தது. யாரோடு பேசினாரோ.

நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, கொஞ்சம் தள்ளுங்க, கோவில் மறைக்குது" என்றேன்.

தள்ளி நின்றார். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

பிரட்டுக்களம்:

மார்க்வெஸ் வரைக்கும் ஏன் போகவேண்டும்? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கந்தசாமிப் பிள்ளை, வந்தவர் கடவுள் என்று தெரிந்தும் தன் வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஆயுள் சந்தா வாங்கிவிடுகிறார். எங்கள் லயத்துக்குக் கடவுள் வந்தால் சந்தா கேட்கமாட்டோம். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் வீட்டு ஆள் என்று கேட்போம். மூன்றாவது கேள்வி எதற்கென்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

போன தீபாவளிக்கு மகனோடு படிக்கிற பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நான் மூன்றாவது கேள்வி வரைக்கும் போய்விட்டேன். பையன் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகன்தான், "அப்பா, அவனுக்கு டீ ஆறுது" என்றான்.