நடுநிலை ஒலிக்கு கஸ்டம் இன்-இயர் மானிட்டர்: எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி:
மிக்ஸிங்குக்கு காதின் அச்செடுத்துச் செய்யும் மானிட்டர் (காதுக்குள் செருகும் இயர்போன்) வாங்க வேண்டும். பாஸ் தூக்கலாக இருக்கக் கூடாது. உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர்கள் 4 போதுமா, 8 வேண்டுமா? எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு என்று காட்டும் கிராஃபை மட்டும் நம்பலாமா?

பதில் 1:
டிரைவர் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள், டியூனிங்தான் (பாஸ், குரல், உச்ச ஒலிகளைச் சமன்செய்யும் விதம்) முக்கியம். கிராஃபில் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே 10 டெசிபல் அளவுக்கு மேடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். திறந்த காதுக்கு இயல்பாகவே உள்ள ஒத்ததிர்வை அது ஈடுகட்டுகிறது. அந்த மேடு இல்லையென்றால் குரல் மங்கிப் பின்னால் போய்விடும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோட்டை நம்பாதீர்கள். அளக்கும் கப்ளரின் (காதுக்குழாய்போல் செய்த அளவீட்டுக் குழல்) ஒத்ததிர்வு, செருகும் ஆழத்தைப் பொறுத்து அங்கே இடம் மாறும்.

பதில் 2:
அச்சு சரியில்லை என்றால் எந்த டியூனிங்கும் வீண். அச்செடுக்கச் செலுத்தும் சிலிக்கோன், காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்ட வேண்டும். செவிப்பறையைக் காக்க உள்ளே பஞ்சுத் தடுப்பு கட்டாயம், ஆடியாலஜிஸ்டிடமே (செவித்திறன் நிபுணர்) எடுங்கள். பாடுபவர் என்றால் வாயைத் திறந்து வைக்கும் கட்டையான பைட் பிளாக்கைக் கடித்தபடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் திறக்கும்போது காதை அடைத்திருக்கும் சீல் விட்டு, முதலில் பாஸ்தான் போகும். வந்தவுடன் 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டுத் தாடையை அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் உடனே ரீஃபிட்டுக்கு (காதுக்குப் பொருந்தும்படி திருத்த) அனுப்புங்கள், அதற்குக் கெடு உண்டு.

பதில் 3:
ஆம்பையும் கவனியுங்கள். பல ஆர்மேச்சர் (மிகச் சிறிய வகை) டிரைவர் உள்ளவற்றில் இம்பீடன்ஸ், அதாவது மின்தடுப்பு, அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். அது 8 முதல் 40 ஓம் வரை மாறுகிறது என்றால், ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓமாக இருக்கும்போது ஒலி சுமார் 5 டெசிபல் கோணலாகும். 1 ஓமில் 0.8 டெசிபல்தான்.