நார்தம்பர்லாந்துக் கடற்கரை: கோட்டை, தீவு, பஃபின் – ஜூன் மாதப் பயணத்துக்கு ஆலோசனை தேவை

ரெடிங்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதத்தில் ஊரிலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். லண்டனைச் சுற்றிக் காட்டிய பிறகு, மூன்றாம் வாரத்தில் நான்கு நாட்கள் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். அப்பாவுக்குக் கோட்டை என்றால் உயிர். ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். என் பத்து வயது மகளுக்கோ பஃபின் பறவையைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நிதானமாக நடப்பார், ஆனால் படிக்கட்டும் செங்குத்தான ஏற்றமும் அவருக்குச் சிரமம்.

முதல் நாள் அனிக் (எழுத்துப்படி ஆல்ன்விக்) கோட்டை, இரண்டாம் நாள் பாம்பரோ கோட்டை, மூன்றாம் நாள் காலையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவும் பிற்பகலில் ஃபார்ன் தீவுகளுக்குப் படகும், நான்காம் நாள் டன்ஸ்டன்பரோ கோட்டையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது என்று திட்டம் போட்டிருக்கிறேன். வாடகைக் கார் எடுக்கிறோம். இரண்டு தீவுகளையும் ஒரே நாளில் பார்ப்பது நடக்கிற காரியமா? அம்மாவைப் படகில் ஏற்றலாமா? கோட்டைகளில் ஒன்றிரண்டைக் கழித்துவிடலாமா? நாங்கள் சைவம், சாப்பாடு பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

டைன்கரையோன்

வணக்கம். நான் நியூகாசிலில் வசிப்பவன். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நாங்களும் இதே கரைக்குத்தான் அழைத்துப் போவோம். நீங்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் சரி, வரிசைதான் சரியில்லை. கோட்டைகளை எந்த நாளில் வேண்டுமானாலும் பார்க்கலாம், தீவுகளை அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே முதலில் லிண்டிஸ்ஃபார்ன் சாலை திறந்திருக்கும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஃபார்ன் படகுக்கு ஒரு நாளைத் தேர்ந்து, அது தவறினால் போவதற்கு இன்னொரு நாளையும் ஒதுக்கிவையுங்கள். கோட்டைகள் மிச்சமிருக்கும் நேரத்தில் தாமாகவே பொருந்திவிடும்.

லிண்டிஸ்ஃபார்னுக்குச் செல்லும் தார்ச்சாலை ஒரு நாளில் இரு முறை கடலுக்கு அடியில் போய்விடும். உயர் ஓதத்துக்கு (கடல்நீர் மிக உயர்ந்திருக்கும் நேரத்துக்கு) ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நீர் ஏறிவிடும். ஓதம் இறங்கத் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேலான பிறகுதான் சாலை மறுபடி வெளியே தெரியும். இந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு வாரம் முந்தைய அனுபவத்தை நம்பி யாரும் வண்டியை எடுக்கக் கூடாது. பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லாந்து மாவட்ட மன்றம் நாள்வாரியாக முன்கூட்டியே வெளியிடுகிறது. அறையை முன்பதிவு செய்வதற்கு முன்பே அந்த அட்டவணையைப் பாருங்கள். சாலையோரத்தில் உயரமான கால்களின் மேல் ஒரு வெள்ளை மரக்கூண்டு ஏணியோடு நிற்பதைக் காண்பீர்கள். நேரத்தைப் பொருட்படுத்தாமல் காரை இறக்கிவிட்டு, பாதி வழியில் நீர் சூழ்ந்தவர்கள் ஏறித் தப்புவதற்காகக் கட்டியது அது. இத்தனை எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் இன்றைக்கும் அதற்கு வேலை இருக்கிறது.

காலையில் திறந்து பிற்பகலில் மூடும் நாள் கிடைத்தால் பலரும் மகிழ்வார்கள், கூட்டமும் அன்றைக்குத்தான். எனக்குப் பிடித்தது மறுதலையான நாள். காலையில் சாலை மூடுவதற்கு முன் தீவுக்குள் போய்விட்டால், நடுப்பகல் முழுக்கச் சுற்றிலும் கடல்தான். புதிதாக ஒரு காரும் வராது. மாலையில் நீர் வடிந்ததும் திரும்பலாம். உங்கள் அம்மாவுக்கு அவசரமில்லாமல் உட்கார்ந்து எழுந்து பார்க்க இது வசதி.

அங்கே கோட்டையைவிடத் துறவி மடத்தின் இடிபாடுகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். 635-ஆம் ஆண்டு அயோனா தீவிலிருந்து வந்த கிறித்தவத் துறவி எய்டன், அரசர் ஆஸ்வால்டின் ஆதரவோடு இங்கே மடத்தை நிறுவினார். 793-இல் வைக்கிங்குகள் அதைச் சூறையாடிய செய்தி ஐரோப்பாவையே உலுக்கியது. இப்போது நிற்கும் சிவந்த கற்சுவர்கள் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயத்துடையவை. கூரையெல்லாம் விழுந்த பிறகும் அதன் நடுவே குறுக்காக ஒற்றை வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. தரை பெரும்பாலும் புல்வெளி என்பதால் முழங்காலுக்குத் தொந்தரவில்லை.

தீவின் கோட்டை ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. கடைசி ஏற்றம் கரடுமுரடான கல் பாவிய சரிவு. அம்மா கீழேயே இருந்துவிடலாம். கவிழ்த்துப் போட்ட பழைய ஹெர்ரிங் மீன்பிடிப் படகுகளைக் கொட்டகையாக்கி அங்கே வைத்திருக்கிறார்கள், அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்பா கட்டாயம் ஏற வேண்டும். மூடப்பட்ட மடத்தின் கற்களைக் கொண்டு 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தச் சிறு அரணை, 1900-களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகை அதிபருக்காக விடுமுறை வீடாக மாற்றிக் கொடுத்தவர் எட்வின் லட்யன்ஸ். பின்னாளில் புது தில்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான். அத்தனை பெரிய மாளிகையைக் கட்டியவர் இங்கே குனிந்து நுழையும் அறைகளையும் குறுகிய நடைகளையும் எவ்வளவு ரசித்து அமைத்திருக்கிறார் என்பது வேடிக்கை.

ஆலாப்பறவை

டைன்கரையோன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தீவுகளையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். நான் பறவைகளுக்காகவே இந்தக் கரைக்குப் போகிறவள் என்பதால் ஃபார்ன் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்கு ஜூன் மூன்றாம் வாரத்தைவிட நல்ல காலம் வாய்க்காது. பஃபின்கள் ஏப்ரலில் வந்து மண்ணுக்குள் வளைகளில் ஒரே ஒரு முட்டையிட்டு அடைகாக்கும். ஜூனில் பெரும்பாலான வளைகளில் குஞ்சு பொரித்திருக்கும். தாயும் தந்தையும் அலகு நிறையச் சிறு மணல்மீன்களைக் குறுக்குவாட்டில் அடுக்கிக் கவ்வியபடி கடலிலிருந்து திரும்பும் காட்சி அப்போதுதான் கிடைக்கும். தரையில் இறங்கிய பஃபின் ஒரு நொடிகூட நிற்காது, நேராக வளைக்குள் ஓடும். காரணம், மீனைப் பிடுங்குவதற்குக் கடற்காக்கைகள் பக்கத்திலேயே காத்திருக்கும். ஜூலை முடிவதற்குள் எல்லாம் கடலுக்குப் போய்விடும். ஆகஸ்டில் பள்ளி விடுமுறையை நம்பி வந்து, வெறும் வளைகளைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் பல.

படகுகள் சீஹவுஸஸ் துறைமுகத்திலிருந்து புறப்படுகின்றன. தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் பயணம் ஒரு வகை, இன்னர் ஃபார்ன் தீவில் இறக்கிவிடும் பயணம் இன்னொரு வகை. மகளுக்காக இரண்டாவதை எடுங்கள். பறவைக் காய்ச்சல் காரணமாக 2022-இல் தீவில் இறங்குவதை நிறுத்தியிருந்தார்கள், 2024-இல் இன்னர் ஃபார்னை மீண்டும் திறந்தார்கள். ஆகவே கிளம்பும் முன், தீவுகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் இறங்கும் கட்டணம் டிரஸ்டுக்குரியது, உறுப்பினர்களுக்கு இலவசம். படகுக் கட்டணம் எல்லோருக்கும் தனி.

அம்மாவைப் பற்றி: படகு திறந்த படகு. கரையில் ஏறும் இடத்திலும் தீவில் இறங்கும் இடத்திலும் ஈரமான கற்படிகள் உண்டு, ஓதம் தாழ்ந்திருந்தால் படிகளின் எண்ணிக்கையும் கூடும். பணியாளர்கள் கைப்பிடித்து இறக்கிவிடுவார்கள். துறைமுகம் நிரம்பியிருக்கும் வேளையில் கிளம்பும் படகைக் கேட்டு வாங்கினால் பாதிச் சிரமம் குறையும். தீவில் நடைபாதை சிறியது, பெரும்பகுதி பலகை பாவியது. குமட்டல் வருபவர் என்றால் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு அல்ல, ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

நான்கு பேருக்கும் தொப்பி கட்டாயம். இன்னர் ஃபார்னில் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் நடைபாதையை ஒட்டியே, சில சமயம் பாதையின் விளிம்பிலேயே முட்டையிடும். நீங்கள் நெருங்கினால் தலைக்கு மேல் படபடத்து நின்று, ஊசி போன்ற சிவந்த அலகால் உச்சந்தலையில் கொத்தும். வெறுந்தலையாக இருந்தால் இரத்தம் வரும். பயப்படும் குழந்தை என்றால் முன்னதாகவே சொல்லி வையுங்கள். கொத்துகிற அந்தப் பறவையின் கதையையும் சேர்த்துச் சொன்னால் கோபம் தணியும்: ஃபார்ன் தீவுகளில் சிறு கருவி பொருத்தப்பட்ட ஓர் ஆலா 2015 ஜூலையில் கிளம்பி அண்டார்க்டிகாவரை போய், அடுத்த மே மாதம் திரும்புவதற்குள் ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர் பறந்திருந்தது.

போகும் வழியில் பாறைகளில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் படுத்திருப்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம். குட்டிகளைப் பார்க்க வேண்டுமானால் அக்டோபர் இறுதிக்குப் பிறகுதான் வர வேண்டும், அப்போது பஃபின் இருக்காது. ஸ்டேபிள் தீவை ஒட்டிய பாறைத் தூண்களின் மேல் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் உரசி நிற்கும். அருகே போகும்போது எச்சத்தின் நெடி மூக்கைத் துளைக்கும், அதற்கு மாற்று வழி இல்லை.

கற்கோட்டை

நான் கோட்டைக் கட்சி. உங்கள் பட்டியலில் அனிக் கோட்டையைக் கழித்துவிடலாம் என்பது என் கருத்து. பெர்சி குடும்பத்தார் 1309 முதல் வைத்திருக்கும், இன்றும் குடியிருக்கும் மாளிகை அது. உள்ளே ஓவியங்களும் தங்க முலாம் பூசிய அறைகளும்தான் மிகுதி. கல்லைத் தடவிப் பார்க்கும் அப்பாவுக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும்.

பாம்பரோவும் வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் பிரமாதம். கடற்கரை மணலில் இறங்கி நின்றால், கரும்பாறை முகட்டின் மேல் அது நீண்டு கிடப்பதைப் பார்த்து யாரும் வாயடைத்துப் போவார்கள். நார்தம்ப்ரிய அரசர்களின் இருக்கை அந்தப் பாறைதான். ஆனால் உள்ளே பார்ப்பதில் பெரும்பகுதி, 1894-இல் அதை வாங்கிய நியூகாசில் தொழிலதிபர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் புதுப்பித்துக் கட்டியது. 1464-இல் இங்கிலாந்திலேயே முதன்முதலாகப் பீரங்கிக்கு வீழ்ந்த கோட்டை என்று பெயர் பெற்ற ஒன்றை, பீரங்கி செய்து செல்வம் சேர்த்தவரே வாங்கி நிமிர்த்தியிருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், ரசிப்பார்.

பாம்பரோ ஊருக்குள் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். நுழைவு இலவசம், சிறிய இடம், அம்மாவுக்கும் ஏற்றது. 1838 செப்டம்பரில் ஃபார்ஃபர்ஷையர் என்ற நீராவிக் கப்பல் ஃபார்ன் பாறையில் மோதி உடைந்தபோது, லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காவலரான தந்தையோடு துடுப்புப் படகில் போய் உயிர்களைக் காப்பாற்றிய 22 வயதுப் பெண் அவர். பாறையில் ஒதுங்கியிருந்த ஒன்பது பேரும் இரண்டு நடையில் கரை சேர்ந்தார்கள். நாடே கொண்டாடியது, நான்கே ஆண்டுகளில் காசநோயால் இறந்துபோனார். ஃபார்ன் படகில் போகும்போது அந்தச் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் கண்ணில் படும் என்பதால், படகுக்கு முந்தைய நாளே இதை மகளுக்குக் காட்டிவிடுவது நல்லது.

டன்ஸ்டன்பரோவைக் கழிக்கவே கூடாது. தன் உறவினரான அரசர் இரண்டாம் எட்வர்டை எதிர்த்துக்கொண்டிருந்த லாங்கஸ்டர் பிரபு தாமஸ் 1313-இல் கட்டத் தொடங்கியது அது. 1322-இல் அவர் தலை வெட்டப்பட்டது. இன்று நிற்பது சிதைந்த இரட்டை வாயிற்கோபுரமும் அறுந்த மதில்களும்தான். கார் போகாது, கிராஸ்டர் மீனவ ஊரிலிருந்து கடலோரப் புல்வெளியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், திரும்பவும் அவ்வளவே. பாதை ஏறக்குறையச் சமதளம். அம்மாவால் முடியாவிட்டாலும், கிராஸ்டர் துறைமுகத்திலிருந்து சற்றே நடந்தால் கோட்டையின் வடிவம் தூரத்தில் தெரியும். வடக்குப் பக்கச் செங்குத்துப் பாறையில் கிட்டிவேக் பறவைகள் கூடு கட்டியிருக்கும், ஆகவே மகளும் முணுமுணுக்க மாட்டாள்.

ரெடிங்வாசி

மிக்க நன்றி. அனிக்கை மழை நாளுக்கு மாற்றாக வைத்துக்கொள்கிறேன். படகு ரத்தானால் என்ன ஆகும், எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்பவை மட்டும் பாக்கி.

டைன்கரையோன்

மழை நாளுக்கு அனிக் சரியான தேர்வு. அங்கே பழைய ரயில் நிலையத்துக்குள் ஒரு பெரிய பழம்புத்தகக் கடையும் இருக்கிறது. சீஹவுஸஸிலோ பாம்பரோவிலோ நான்கு இரவும் ஒரே இடத்தில் தங்குங்கள். இரண்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர்தான், படகு நேரம் மாறினாலும் ஓட வேண்டியதில்லை. மழையைவிட அலையின் வீச்சும் காற்றும்தான் படகைத் தடுக்கும், தீவில் இறக்க முடியுமா என்பதை ஓட்டுநர் அன்று காலையில்தான் முடிவு செய்வார். எனவே இரண்டாம் நாளுக்குப் படகைப் பதிவு செய்து, மூன்றாம் நாளைக் கையிருப்பாக வையுங்கள். ஜூனில் வெயில் நன்றாக இருக்கும்போதே கடல்மூட்டம் திடீரென்று கரையை மூடிவிடுவதும் உண்டு, ஒரு கம்பளி மேலாடை காரிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைகளில் வறுவலை மட்டும் வாங்கினால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். எண்ணெயா கொழுப்பா என்று கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்லிவிடுவார்கள். தேநீர் விடுதிகளில் பாலாடைக்கட்டி ரொட்டியும் காய்கறி சூப்பும் கிடைக்கும், ஆனால் பல விடுதிகள் மாலை நான்கு ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடும். சமையலறையோடு கூடிய தங்குமிடம் எடுத்து, அனிக் பல்பொருள் அங்காடியில் அரிசி, காய்கறி, தயிர் வாங்கிக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். லிண்டிஸ்ஃபார்னில் நடுப்பகல் முழுக்க இருக்கும் நாளன்று கட்டுச்சாதம் கொண்டுபோங்கள்.