புகைப்படத் திருத்தத்திற்கு எந்தப் பேனை டெப்லெட் பொருத்தமானது?

உப்புவெளிக் காற்று:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், வீட்டிலிருந்தபடியே புகைப்படங்களைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். திருமணப் படங்களோடு, 2004 ஆழிப்பேரலையின்போது நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன பழைய குடும்பப் படங்களையும் ஸ்கேன் செய்து சீராக்கித் தரும்படி அயலவர்கள் கேட்கிறார்கள். இதுவரை எல்லாவற்றையும் மௌஸினால்தான் செய்தேன். இப்போது மணிக்கட்டு நோகிறது. அதைவிட, முகத்தின் மேல் ஓடும் மெல்லிய வெடிப்புகளை மௌஸினால் மறைக்கும்போது தோலின் இயல்பு கெட்டு, பூசி மெழுகியது போலாகிவிடுகிறது. என்னிடம் இருப்பவை 24 அங்குல மொனிட்டர் ஒன்றும் போட்டோஷொப்பும் ஒடுங்கிய மேசையும் மட்டுமே. மௌஸுக்குப் பதிலாகப் பலகை மேல் பேனையை நகர்த்தி வேலை செய்யும் பேனை டெப்லெட் ஒன்று வாங்க நினைக்கிறேன். வாகொம் நிறுவனத்தின் வன் பை வாகொமில் சிறியதை வாங்குவதா, அதன் நடுத்தர அளவை வாங்குவதா, அல்லது பேனையின் அழுத்தத்தை 8192 நிலைகளில் உணரும் ஹுயொன் எச்640பி போதுமா? திரையுள்ள டெப்லெட்டுக்குப் பணம் சேரும்வரை பொறுத்திருக்கும்படியும் ஒருவர் சொன்னார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோட்டை வாசல்:

வணக்கம் தங்கச்சி. ஸ்டூடியோ வேலையில் நான் பல ஆண்டுகளாகப் பேனையோடுதான் இருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அழுத்த நிலைகளின் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். வன் பை வாகொமில் 2048, ஹுயொனில் 8192 என்பது உண்மைதான். ஆனால் வெடிப்பை மறைக்கவும், முகத்தில் ஒளியைக் கூட்டிக் குறைக்கவும் 2048 தாராளமாகப் போதும். கை அந்த வேறுபாட்டை உணராது. இரண்டு பேனைகளுக்கும் பற்றரி தேவையில்லை. பலகையிலிருந்து வரும் மின்காந்தப் புலத்திலேயே பேனைக்குள் இருக்கும் சுருள் இயங்குவதால், பேனை பாரமில்லாமல் இருக்கும்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது பலகையின் அகலத்தைத்தான். பலகை முழுவதும் திரை முழுவதற்கும் ஒத்திருக்கும் என்பதால், உங்கள் கை ஒரு மில்லிமீற்றர் நகரும்போது திரையில் குறி எவ்வளவு பாய்கிறது என்பதை அதுவே முடிவு செய்கிறது. 24 அங்குல மொனிட்டரின் அகலம் ஏறக்குறைய 531 மில்லிமீற்றர். சிறிய வாகொமின் வேலைப்பரப்பு 152க்கு 95 மில்லிமீற்றர் என்பதால், கையசைவு திரையில் மூன்றரை மடங்காகும். நடுத்தர அளவில் அது 216க்கு 135. அங்கே இரண்டரை மடங்குதான். சேலை மடிப்பின் ஓரமாக நீண்ட கோட்டை இழுக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். எச்640பியின் பரப்பு ஏறத்தாழ 160க்கு 100 ஆகையால், அதையும் சிறியது என்றே கொள்ளுங்கள்.

திரையுள்ள டெப்லெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. படம் வரைபவர்களுக்கு அது பெரிய வசதி. புகைப்படத்திலோ, திருத்தும் இடத்தைக் கையே மறைத்துவிடும், நாள் முழுவதும் கழுத்தும் குனிந்தே இருக்கும், நிறமும் உங்கள் மொனிட்டரின் நிறத்தோடு ஒத்துவராமல் இரண்டையும் அளவிட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் தவறாத ஐபிஎஸ் வகை மொனிட்டருக்குச் செலவழிப்பது மேல்.

வாங்கும் முன் 216க்கு 135 அளவில் ஓர் அட்டையை வெட்டி, சுற்றிவர இரண்டு விரலகலம் சேர்த்து, கீபோர்டுக்கு அருகில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வன் பை வாகொமில் குறுக்குவழிப் பொத்தான்கள் கிடையாது. இடது கை எப்போதும் கீபோர்டிலேயே இருக்க வேண்டும்.

நிலாவெளி மணல்:

கோட்டை வாசல் அண்ணா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் பழைய படங்களைச் சீராக்கும்போது நாம் பெரும்பாலும் 200 வீதம் பெரிதாக்கித்தான் வேலை செய்கிறோம். அப்போது ஒவ்வொரு கீறலும் சிறியதாகவே அமைவதால், ஒடுங்கிய மேசையில் சிறிய பலகையும் நன்றாக உதவும். நான் எச்640பியில்தான் செய்கிறேன். சேலை மடிப்பு போன்ற நீண்ட கோடுகளுக்கு மட்டும் படத்தை அடிக்கடி நகர்த்த நேர்கிறது.

துறைமுக விளக்கு:

எதை வாங்கினாலும் அமைப்பைச் சரியாகச் செய்யாவிட்டால் முதல் வாரத்திலேயே மனம் சலித்துவிடும். முன்பு வேறு நிறுவனத்தின் டெப்லெட்டைப் பயன்படுத்தியிருந்தால், அதன் ட்ரைவரை (டெப்லெட்டைக் கணினியோடு இயங்க வைக்கும் மென்பொருளை) முழுமையாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். இப்பலகைகள் 16க்கு 10 விகிதத்திலும் பெரும்பாலான மொனிட்டர்கள் 16க்கு 9 விகிதத்திலும் இருப்பதால், ட்ரைவரில் விகிதத்தைப் பேணும் தெரிவை இயக்குங்கள்; இல்லையேல் வட்டமாக இழுப்பது முட்டையாகும். விண்டோஸில் பேனையை அழுத்திப் பிடித்தால் வளையம் தோன்றித் தூரிகையைத் தடுக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள்.

போட்டோஷொப்பில் தூரிகையின் அளவு அழுத்தத்தோடு மாறுவதை நிறுத்தி, ஒபேசிட்டி, அதாவது பூச்சின் அடர்த்தி, மட்டும் மாறும்படி வையுங்கள். நீங்கள் சொன்ன பூசி மெழுகிய தோற்றத்திற்கு இதுவே மருந்து. படத்தின் மேல் வெறுமையான புதிய லேயரில் (அடுக்கில்), அருகிலுள்ள தோலைப் பிரதியெடுத்துப் பூசும் குளோன் ஸ்டாம்ப்பை மெதுவாக அழுத்தி, வெடிப்பின் குறுக்கே குறுங்கீறல்களாகப் போட்டால் தோலின் மணித்தன்மை அப்படியே நிற்கும்.

நம்முடைய கரையோரத்திற்கென்று ஒன்றும் சொல்ல வேண்டும். காற்றில் வரும் மணல் பேனையின் முனைக்கும் பலகைக்கும் இடையில் சிக்கினால் பலகையில் கீறல் விழும். கரடான பலகை முனையை விரைவில் தேய்க்கும். வேலை முடிந்ததும் சற்று ஈரமான மென்துணியால் துடைத்து மூடிவைக்க வேண்டும். பழையதை வாங்குவதானால் அதற்குரிய பேனையும் உடன் இருக்கிறதா என்று பாருங்கள்; ஒரு நிறுவனத்தின் பேனை இன்னொன்றின் பலகையில் வேலை செய்யாது.

உப்புவெளிக் காற்று:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தேன். எண் விசைகள் உள்ள நீளமான கீபோர்டோடு அட்டைக்கு இடம் போதவில்லை. எண் விசைகள் இல்லாத கட்டைக் கீபோர்டை அக்காவின் மகனிடமிருந்து வாங்கி வைத்தபோது, கை முட்டாமல் அடங்கிவிட்டது. ஆகவே நடுத்தர வாகொமையே வாங்கத் தீர்மானித்துவிட்டேன். மூதூர்க் குடும்பமொன்றின் திருமணப் படம் என் மேசையில் காத்திருக்கிறது. அதன் வெடிப்பு மணமகளின் இடது கன்னத்தின் குறுக்கே, கண்ணுக்குச் சற்றுக் கீழே போகிறது. துறைமுக விளக்கு சொன்ன குறுங்கீறல் முறையில் அதைத்தான் முதலில் செய்யப் போகிறேன்.